மாமாவுக்கு விஷம் வைத்த கதை

துப்பறியும் கதையில் யாருக்கும் சும்மா இருமல் வராது. ஒருவன் இருமினால் யாரோ எதையோ கலக்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாமி கதையில் நோய் வந்தவன் பாவம் செய்திருப்பான். துப்பறியும் கதையில் நோய் வந்தவன் சொத்து வைத்திருப்பான். எட்டு வயதிலேயே எனக்கு இது தெரியும். எழுத்துத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது, ஆனால் இது தெரியும்.

கூலிக்குக் கப்பலேறி வந்த தீவில், நாடி என்கிற ஊரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் குத்தகை நிலம். அப்பா ஐந்து வருஷக் கூலி ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, கூலி லைனை விட்டு வெளியே வந்து பிடித்த நிலம். பத்து ஏக்கர், அதில் எட்டு கரும்பு. மிச்சத்தில் வீடு, மாடு, அம்மாவின் கத்தரிச் செடி, ஒரு மாமரம். மாமரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது, விடுங்கள். அங்கே எங்கள் ஆட்களெல்லாம் சேர்ந்து சங்கம் வைத்து, சங்கத்தின் பேரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். கட்டினார்கள் என்றால் நாலு பக்கம் மூங்கில் தட்டி, மேலே புல் கூரை. வாரநாளில் நான் மாட்டின் பின்னால் போய்விடுவேன். பள்ளிக்கூடத்துக்கு நான் போனது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அன்றைக்குப் பஜனை முடிந்ததும் வாத்தியார் கதை படிப்பார். பெரியவர்கள் பெஞ்சில், பெண்கள் பாயில், நாங்கள் தரையில். நான் காதால் படித்தவன்.

அந்த வருஷம் கப்பலில் பாடப் புத்தகப் பெட்டி வந்தபோது, அடியில் ஒரு நாவல் கிடந்தது. மேல் அட்டை இல்லை. பின்னால் நாற்பது ஐம்பது பக்கங்களும் இல்லை. வாத்தியார் மதராசுக்குக் கடிதம் எழுதிப் பார்த்தார். அந்தப் பக்கங்கள் கடைசிவரை வரவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

கதை என்னவென்றால், தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு மிராசுதார். வயதானவர், இளைய தாரம் கட்டியவர். நன்றாக இருந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை. கண் எந்நேரமும் சிவந்திருக்கிறது. நாக்கு மரத்துப் போகிறது. கை கால் தோல் மீன் செதில் மாதிரி உரிகிறது. நாட்டு வைத்தியர் பித்தம் என்கிறார், இங்கிலீஷ் டாக்டர் ஈரல் என்கிறார். துப்பறிகிறவர் மட்டும் சமையல்காரன் வேஷம் போட்டு அந்த வீட்டுக்குள் நுழைந்து, தோலைப் பார்த்த உடனே பாஷாணம் என்று கண்டுபிடித்துவிடுகிறார். தினமும் ஒரு சிட்டிகை. யார் வைப்பது என்று சொல்ல அவர் வாயைத் திறக்கும் இடத்தில் புத்தகம் கிழிந்திருந்தது.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு அந்தப் பக்கங்கள் தேவைப்படவில்லை. இளைய தாரம்தான் என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். அந்தக் கதை வந்த பிறகு எங்கள் பக்கம் யாருக்குத் தலைவலி வந்தாலும், நேற்று உனக்கு யார் சோறு போட்டார்கள் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒரு கிழவர் பச்சைப் பலாக்காயை அரை முழம் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருமகளை முறைத்தார். அவள் கோபித்துக்கொண்டு மூன்று நாள் அவருக்குச் சோறே போடவில்லை. அதில் வயிறு சரியாகிவிட்டது. பார்த்தீர்களா என்று அதையும் அவர் சாட்சியாகத்தான் சொன்னார்.

இப்போது மாமா. அம்மாவின் தம்பி. அம்மாதான் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள், கரும்பு வெட்டப் போகும்போது வரப்பில் துணியை விரித்து அவரைப் போட்டுவிட்டு வெட்டியவள். எங்கள் வீட்டிலேயே இருந்தார். நல்ல வேலைக்காரர், வாய் இனிப்பானவர். ஒரே கெட்ட பழக்கம் நங்கோனா. அது ஒரு செடியின் வேர். இடித்துத் தண்ணீரில் கரைத்து மரத்தொட்டியில் ஊற்றி, சுற்றி உட்கார்ந்து சிரட்டையில் மொண்டு குடிப்பார்கள். காய்வீத்திகளின் பானம். காய்வீத்தி என்றால் இந்த மண்ணின் ஆட்கள், எங்களுக்கு முன்பே இருந்தவர்கள். அவர்களோடு உட்கார்ந்தால் மாமா எழுந்திருக்க மாட்டார். அவரைச் சங்கத்துக் கமிட்டியில் போடலாம் என்று பேச்சு வந்தபோது சிலர் இந்தப் பழக்கத்தைச் சொல்லி மறித்தார்கள். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தீமிதித் திருவிழாவில், எல்லார் கண்முன்னாலும், மாரியம்மன் எதிரில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, இனி நங்கோனாவைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். கற்பூரம் அடித்தவனை அப்புறம் யாரும் சந்தேகப்படக் கூடாது. சந்தேகப்பட்டால் அம்மனையே சந்தேகப்பட்டது மாதிரி. கமிட்டியில் போட்டார்கள்.

அதே வருஷம்தான் மாமியும் வந்தாள். பா என்கிற ஊர்ப் பக்கத்து இந்திக்காரர் வீட்டுப் பெண், பதினேழு பதினெட்டு இருக்கும். மாமாவே பார்த்து விரும்பிக் கட்டியது. அம்மா மனதில் வேறு பெண்ணை வைத்திருந்தாள். அவர்கள் வீட்டிலும் சம்மதமில்லை. மதராசியைக் கட்டிக்கொண்டால் இந்த வாசலுக்குத் திரும்பி வராதே என்று அவள் அப்பா சொல்லித்தான் அனுப்பினாராம். ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஆறே மாதத்தில் தமிழ் பேசினாள், கொஞ்சம் கோணல்தான், ஆனால் பேசினாள். அம்மாவைத் தீதி என்பாள், அவர்கள் பேச்சில் அக்கா, என்னைப் பாபு என்பாள். மாவிலையைச் சுருட்டி ஊதல் செய்யக் கற்றுக் கொடுத்தவள் அவள்தான். ரொட்டி உருட்டினால் நிலா மாதிரி இருக்கும். அம்மா உருட்டினால் தீவு தீவாக வரும்.

ஒரு சனிக்கிழமை மாமாவுக்கு எண்ணெய்க் குளியல். கல்யாணமான தம்பிக்கு அக்கா எண்ணெய் தேய்க்கிறாளா என்று கேட்காதீர்கள், அம்மா அப்படித்தான், விட்டுக்கொடுக்க மாட்டாள். முதுகில் கை வைத்தவள் நிறுத்திவிட்டாள். தோல் காய்ந்து, செதில் செதிலாக எழும்பி, தேய்த்த இடமெல்லாம் தவிடு மாதிரி உதிர்ந்தது. கையும் காலும் அப்படியே. கொஞ்ச நாளாகச் சாப்பாடு வேண்டாம், நாக்கு மரத்த மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதும், கண் சிவந்து கிடந்ததும் அம்மாவுக்கு அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தது. அம்மன் கோபமோ, வேப்பிலை அரைத்துப் பூசுகிறேன் என்று அவள் எழுந்தாள்.

அந்த நேரத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சொன்னேன்.

"அம்மா, மாமாவுக்குக் கதையில வர்ற மிராசுதார் மாதிரியே இருக்கும்மா."

கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டோம் என்று அம்மா முகத்தைப் பார்த்தேன். அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அங்கே மாமி குனிந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். எலிப்பாஷாணப் பொட்டலம் எங்கே என்று அம்மா கேட்டாள். பரணில்தான் இருந்தது. ஆனால் வாங்கினபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது. எலிக்கு வைத்தால் குறையாதா? அதையெல்லாம் அன்றைக்கு யார் யோசித்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து அரிசியும் குழம்பும் அம்மா கைக்குப் போயின. பால் காய்ச்சுவதும் அம்மா. வெற்றிலை மடிப்பதும் அம்மா. மாமியை யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. அம்மா அவளிடம் பேசுவதை மட்டும் நிறுத்தினாள். மாமி எப்போதும்போலக் கிணற்றில் தண்ணீர் இழுத்தாள், மாமாவின் சட்டையைத் துவைத்தாள், கோழிக்குத் தீனி போட்டாள். பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. மாமாவுக்குச் செதில் குறையவில்லை. என்ன மிச்சம் இருக்கிறது என்று அம்மா கணக்குப் பார்த்தாள். ரொட்டி. மத்தியானம் கரும்புத் தோட்டத்துக்குப் போகும் ரொட்டியை மட்டும் மாமிதான் செய்தாள், அம்மாவுக்கு அது வராது என்பதால். ஆக ரொட்டியில்தான் இருக்கிறது.

அப்பா கொஞ்சம் தடுத்துப் பார்த்தார். கதை வேறு, வீடு வேறு என்றார். அதற்கு அம்மா, கதையை எழுதினவன் பார்க்காமலா எழுதியிருப்பான் என்று கேட்டாள்.  வருகிற சனிக்கிழமை மாமியைக் கரும்பு ரயிலில் ஏற்றி அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவானது. அந்த ரயிலில் யாரும் சும்மா ஏறிப் போகலாம். அவள் அப்பா சேர்த்துக்கொள்வாரா என்று அப்பா கேட்டபோது, பெற்றவன் சேர்க்காமல் எங்கே போவான் என்று அம்மா சொன்னாள். ஆனால் சொல்லும்போது அம்மா என் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா அவரிடம் இதைச் சொன்னார். மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கவளத்தை உருட்டியபடியே சொன்னார்.

"அக்கா சொன்னா சரி."

அக்கா பேச்சைத் தட்டாத தம்பி என்று நான் நினைத்தேன்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நான் சொன்ன ஒரு சொல்லால் மாமி போகப்போகிறாள். அவள் அப்பா வாசலில் நிற்க விடமாட்டார் என்று எனக்குத் தெரியும், அவளே ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல ரொட்டி மூட்டையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மாமா அங்கே இல்லை. அந்த நேரத்தில் அவர் என்றைக்குமே இருந்ததில்லை, சங்க வேலையாகப் போயிருப்பார் என்பார்கள். மூட்டையைக் கொய்யா மரக்கிளையில் மாட்டிவிட்டு வருவது என் வேலை. அன்றைக்கு மாட்டவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து அவிழ்த்தேன். மூன்று ரொட்டி, உருளைக்கிழங்கு. மூன்றையும் தின்றேன். விஷமிருந்தால் எனக்கும் தோல் உரியட்டும், இல்லாவிட்டால் மாமி இருக்கட்டும். எட்டு வயதில் அவ்வளவுதான் யோசிக்க முடிந்தது. உருளைக்கிழங்கு நன்றாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பிறகு மல்லாந்து படுத்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செதிலும் வரவில்லை. ஓர் இடத்தில் வெள்ளையாக இருந்தது, எச்சில் தொட்டுத் தேய்த்தேன், மண். சாவதற்காகக் காத்திருந்து காத்திருந்து தூங்கிவிட்டேன்.

வெயில் சாய எழுந்து வீட்டுக்கு ஓடி, அம்மா முன்னால் இரண்டு கையையும் நீட்டினேன்.

"மாமி ரொட்டிய மூணும் நான்தான் தின்னேன். நான் சாகல பாரு."

அம்மா முகம் வெளுத்துப் போனது. சாட்சி சொல்ல வந்தவனை இழுத்துப் போட்டு வாயில் உப்புத் தண்ணீரை ஊற்றினாள். உப்புத் தண்ணீர் குடித்தால் யாருக்கும் வாந்தி வரும். எனக்கும் வந்தது. வாந்தியைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி ஏதாவது வருமா என்று ரோட்டுக்கு ஓடினாள்.

ரோட்டில் வந்தது ஒரு குதிரை. அதன் மேல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காய்வீத்திக் கிராமத்துப் பெரியவர். மாதம் ஒரு தடவை கிழங்கு கொண்டுவந்து கொடுத்து அரிசி வாங்கிப் போவார், எங்களுக்குப் பழக்கமானவர். அவரும் எங்கள் ஆட்களும் பேசிக்கொள்வது ஒடிந்த இந்துஸ்தானியில்தான். அம்மா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி, செதில், சிவந்த கண், மரத்த நாக்கு, பாஷாணம், ரொட்டி, இந்தப் பையன். பெரியவர் குதிரையை விட்டு இறங்கினார். என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார். பையனுக்குப் பசி என்றார். பிறகு தன் சட்டைக் கையை மேலே சுருட்டி அம்மா முன்னால் நீட்டினார்.

மாமாவின் கை மாதிரியே இருந்தது. அதே செதில், அதே தவிடு. அந்தக் கையை நாங்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம், கிழங்கு வாங்கியிருக்கிறோம். அது அவர் வயசு என்று நினைத்திருந்தோம்.

"இதுக்குப் பேரு கனிகனி, மாராமா. நங்கோனா அதிகமா குடிச்சா வரும். உன் தம்பி தினம் மத்தியானம் எங்க வீட்லதான் உக்காந்திருக்கான். நாங்க அஞ்சு பேரு குடிக்கறத ஒருத்தனே குடிக்கறான்."

மாராமா என்றால் அவர்கள் பேச்சில் அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது. கடைசி வார்த்தையை அவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். குடிப்பதை நிறுத்தினால் ஒரு மாதத்தில் புதுத் தோல் வந்துவிடும் என்றும் சொன்னார்.

அம்மா என்னை இறக்கிவிட்டு ரோட்டோரப் புல்லில் உட்கார்ந்தாள். முதலில் ஒரு சத்தம் வந்தது, அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், உடனே இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தம்பிக்கு விஷமில்லை, பிள்ளைக்கு விஷமில்லை, யாரும் யாரையும் கொல்லவில்லை. மதராசில் உட்கார்ந்து கதை எழுதினவருக்கு என்ன தெரியும், அவர் நங்கோனாவைக் கண்டாரா. அவர் நாட்டில் தோல் உரிந்தால் ஒரே காரணம். எங்கள் நாட்டில் இன்னொன்றும் இருந்தது. பெரியவர் ஒரு கிழங்கை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் குதிரை ஏறிப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது மாமி தகரப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் ரயிலுக்காக. அம்மா வாசற்படியிலேயே நின்றாள். அவளுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

"ஏண்டி, அவன் சட்டையெல்லாம் நீதானே தொவைக்கறே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் தீதி. வாசனை வரும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

மாமி ஒரு சேலையை மடித்து முடித்தாள்.

"கற்பூரத்துல சத்தியம் பண்ணினாரு. நான் சொன்னா அவருக்கு சங்கத்துல மூஞ்சி ஏது?"

"உனக்குப் போக எடம் ஏதுடி?"

மாமி அடுத்த சேலையை எடுத்தாள். அம்மா போய்ப் பெட்டியிலிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள்.  எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பசி கிளம்பியது. மாமி அடுப்பை மூட்டினாள், அம்மா தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். சொல்ல ஒரு வார்த்தை இருந்தும் சொல்லாமல் பெட்டி கட்டினாளே, மாமிக்குக் கொஞ்சம் புத்தி குறைவுதான் என்று நினைத்துக்கொண்டே நான் நாலு ரொட்டி தின்றேன்.

நங்கோனாவைப் பற்றி வெளியே அம்மா மூச்சு விடவில்லை. அம்மன் கோபம்தான், வேப்பிலையில் சரியாகி வருகிறது என்று சங்கத்தில் சொன்னாள். அதற்குள் விஷப் பேச்சு ஊரில் பரவியிருந்ததால், விஷமில்லை என்று கேட்டதும் கதை கேட்பவர்களில் சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. வாத்தியார் மட்டும் நிம்மதியாகி, அடுத்த ஞாயிறு நல்லதங்காளைப் போன்ற துக்கக் கதையும் வேண்டாம், விஷக் கதையும் வேண்டாம் என்று ஒரு கணக்குப் புத்தகத்தைப் படித்தார். யாரும் உட்காரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாமா இருட்டும் முன்பே வந்தார். கொடியில் சேலைகளைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் பெட்டியைப் பார்த்தார். அம்மா நிமிராமல் சொன்னாள்.

"ஆத்துக்கு அந்தாண்ட பெரியவரு உன்னைக் கேட்டாரு தம்பி."

மாமா கிணற்றடிக்குப் போனார். தேங்காய் நாரை எடுத்துக் கையைத் தேய் தேய் என்று தேய்த்தார். குளித்து முடித்து, துண்டு வேண்டும் என்று குரல் கொடுத்தார். மாமி துண்டை எடுத்தாள். எடுத்து என் கையில் கொடுத்தாள். கொண்டுபோய்க் கொடு பாபு என்றாள். நான் ஓடினேன்.

அன்றிலிருந்து எல்லாம் என் வழியாகத்தான் போயிற்று. மாமாவுக்குத் தண்ணீர் நான் கொண்டுபோனேன், தட்டு நான் கொண்டுபோனேன், துவைத்த சட்டை நான் கொண்டுபோனேன். மாமா என்னிடம் ஒன்று சொல்வார், நான் மாமியிடம் சொல்வேன், அவள் என்னிடம் பதில் சொல்வாள். மாமா அந்த ஒரு மாதம் எங்கேயும் போகவில்லை, தோட்டமும் வீடும்தான். தன் உயிரைக் காப்பாற்றினவன் என்று மாமிக்கு என் மேல் அவ்வளவு பிரியம், அதனால்தான் எல்லா வேலையும் எனக்கே தருகிறாள் என்று நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு அலைந்தேன்.

மாமா கையில் புதுத் தோல் வந்து கொஞ்ச நாள் இருக்கும். ஒரு சாயங்காலம் கிணற்றடியிலிருந்து துண்டு கேட்டார். நான் வாசலில் தயாராக நின்றேன், கையைக்கூட நீட்டிவிட்டேன். மாமி என்னைத் தாண்டிக்கொண்டு அவளே துண்டோடு போனாள். போனவள் உடனே திரும்பவும் இல்லை. நான் என்ன தப்புச் செய்தேன் என்று எனக்குப் புரியவே இல்லை. அடுப்படியில் போய் அம்மா முந்தானையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா எதற்கு அழுகிறாய் என்று கேட்டுவிட்டு, வாசல் வழியாகக் கிணற்றடியைப் பார்த்துவிட்டு, என் தலையில் கை வைத்துச் சிரித்தாள்.